நம் பணத்தின் காவலர் யார்?

(ஔந்தில் நடைபெற்ற சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்றைக்குப் பேச எடுத்துக்கொண்டிருக்கும் பொருளைக் கேட்டதும் சிலர் சிரித்தார்கள். ஓய்வூதிய நிதியை நடத்தும் ஒரு பெரிய அதிகாரியின் உத்தியோக வரலாறு நமக்கு எதற்கு என்றார்கள். அவர் டில்லியில் இருக்கிறார், நாம் இங்கே ஔந்தில் மாடிக் கட்டடங்களுக்குக் காவல் நிற்கிறோம், தரை துடைக்கிறோம், செங்கல் சுமக்கிறோம். அவருக்கும் நமக்கும் என்ன உறவு என்பது அவர்கள் கேள்வி.

உறவு உண்டு தோழர்களே. நம்மில் யாருக்கெல்லாம் சம்பளத்தில் பி.எப். பிடிக்கிறார்களோ அவர்கள் எல்லோருக்கும் அந்த நாற்காலியோடு உறவு உண்டு. 15,000 ரூபாய் அடிப்படைச் சம்பளம் வாங்குகிறவரின் கையிலிருந்து மாதம் 1,800 ரூபாய் பிடிக்கப்படுகிறது. முதலாளியும் 1,800 ரூபாய் போட வேண்டும். முதலாளி போடும் பணத்தில் 1,250 ரூபாய் ஓய்வூதியக் கணக்குக்கும், மீதி 550 ரூபாய் நம் வைப்பு நிதிக் கணக்குக்கும் போகிறது. ஆக மாதம் 3,600 ரூபாய், நாம் கண்ணால் பார்க்காத ஒரு கஜானாவுக்குப் போய்ச் சேருகிறது. மகளின் கல்யாணம், மகனின் படிப்பு, ஊரில் ஓட்டை மாற்றித் தளம் போடுவது, நாளைக்குக் கை கால் ஓய்ந்தால் கஞ்சி, எல்லாம் அந்தப் பணத்தை நம்பித்தான். அதைக் காப்பவர் யார், எங்கிருந்து வருகிறார், எத்தனை நாள் இருக்கிறார், எங்கே போகிறார் என்று கேட்பதற்கு நமக்கு முழு உரிமை உண்டு.

முதலில் இந்த நிதி எப்படிப் பிறந்தது என்று பார்ப்போம். 1951 நவம்பரில் ஓர் அவசரச் சட்டமாக வந்தது. 1952 மார்ச்சில் நாடாளுமன்றச் சட்டமாயிற்று. தொடக்கத்தில் சிமெண்ட், சிகரெட், எஞ்சினீயரிங், இரும்பு எஃகு, காகிதம், நெசவு ஆகிய 6 தொழில்களுக்கு மட்டுமே பொருந்தியது. ரூபாய்க்கு ஓர் அணா, அதாவது 6.25 விழுக்காடு பிடித்தார்கள். 50 பேர் வேலை செய்யும் ஆலைக்குத்தான் சட்டம் என்றிருந்தது, 1960இல் 20 பேர் என்று குறைக்கப்பட்டது. 1971இல் குடும்ப ஓய்வூதியம் வந்தது, 1976இல் இறந்துபோன தொழிலாளியின் குடும்பத்துக்கான காப்பீடு வந்தது, 1995 நவம்பரில் இப்போதுள்ள ஓய்வூதியத் திட்டம் வந்தது. இவற்றில் எதுவும் ஆட்சியாளரின் கருணையால் மட்டும் வந்துவிடவில்லை. தொழிற்சங்கங்கள் ஆண்டுக்கணக்கில் கேட்டுக் கேட்டு வந்தவை. இன்று ஏறத்தாழ 7 கோடித் தொழிலாளர்கள் மாதந்தோறும் பணம் கட்டுகிறார்கள். நிதியின் மொத்தத் தொகை 20 இலட்சம் கோடி ரூபாய்க்கும் மேல். பல மாநிலங்களின் வரவு செலவுத் திட்டங்களைச் சேர்த்து வைத்தாலும் இதற்கு ஈடாகாது.

இவ்வளவு பெரிய பெட்டிக்குச் சாவி யாரிடம்? 1952ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு மத்திய அறங்காவலர் வாரியத்தை அமைத்தது. தொழிலாளர் துறை அமைச்சர் அதற்குத் தலைவர். மத்திய அரசின் பிரதிநிதிகள் 5 பேர் வரை, மாநில அரசுகளின் பிரதிநிதிகள் 15 பேர் வரை, முதலாளிகள் தரப்பில் 10 பேர், தொழிலாளர் தரப்பில் 10 பேர். இந்த வாரியத்தின் கீழ் அன்றாடம் நிதியை நடத்தும் தலைமை நிர்வாகிதான் மத்திய வருங்கால வைப்பு நிதி ஆணையர். வாரியம் ஆண்டுக்குச் சில முறை கூடிக் கலையும். ஆணையரோ நாள்தோறும் அந்த நாற்காலியில் இருப்பவர். கணினி அவர் கையில், ஊழியர் அவர் கையில், சுற்றறிக்கை அவர் கையில்.

அந்த நாற்காலியில் அண்மைக் காலத்தில் அமர்ந்த மூவரைப் பார்ப்போம். மூவரும் இந்திய ஆட்சிப் பணி அதிகாரிகள்.

முதலாமவர் கே. கே. ஜலான், அரியானாவைச் சேர்ந்த ஆட்சிப் பணிப் பிரிவு. அவர் காலத்தில்தான் 2014இல் ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஒரே நிரந்தரக் கணக்கு எண், நாம் யு.ஏ.என். என்று சொல்கிறோமே, அது வந்தது. அதற்கு முன் கம்பெனி மாறினால் புதுக் கணக்கு. பழைய கணக்கு ஒரு மூலையில் தூங்கும். 2015 ஆகஸ்டில் முதல்முறையாக நிதியின் புதுவரவில் 5 விழுக்காடு பங்குச் சந்தை சார்ந்த முதலீட்டில் போடப்பட்டதும் அவர் காலத்தில்தான். பிறகு அவர் சிறு, குறு, நடுத்தரத் தொழில் துறையின் செயலாளராகப் போய்விட்டார்.

இரண்டாமவர் வி. பி. ஜாய். நமது அண்டை மாநிலமான கேரளத்தின் 1987ஆம் ஆண்டு அணி. மலையாளத்தில் ஜாய் வாழயில் என்ற பெயரில் கவிதை எழுதுகிறவர். 2016இல் ஆணையர். பங்குச் சந்தை முதலீடு 5லிருந்து 10 ஆகவும், பின் 15 விழுக்காடாகவும் உயர்ந்தது அவர் காலத்தில். 2017இல் விடுபட்டுப்போன தொழிலாளர்களைச் சேர்க்கும் இயக்கம் ஒன்றும் நடந்தது. பிறகு? 2018இல் அவர் எண்ணெய், எரிவாயு வளங்களைக் கவனிக்கும் ஹைட்ரோகார்பன் தலைமை இயக்குநரகத்துக்குத் தலைவரானார். அங்கிருந்து மத்திய அமைச்சரவைச் செயலகம், 2021 மார்ச்சில் கேரளத் தலைமைச் செயலாளர், 2023 ஜூனில் ஓய்வு.

மூன்றாமவர் சுனில் பர்த்வால், பீகார் பிரிவு. கொரோனாக் காலத்தில் ஆணையராக இருந்தவர். 2020 மார்ச்சில் ஊரடங்கு விழுந்தபோது, மூன்று மாதச் சம்பளம் அல்லது கணக்கில் உள்ளதில் 75 விழுக்காடு, இதில் எது குறைவோ அதைத் திருப்பிக் கட்டாமல் எடுத்துக்கொள்ளலாம் என்று அரசு அறிவித்ததே, அந்தக் கோரிக்கைகளைத் தீர்த்த நிர்வாகம் அவருடையது. 2021இல் தொழிலாளர் துறைச் செயலாளர், 2022இல் வர்த்தகத் துறைச் செயலாளர்.

இவர்களில் யாரையும் நாங்கள் குறை சொல்ல வரவில்லை. திறமையானவர்கள், நல்ல காரியங்களும் செய்திருக்கிறார்கள். நாங்கள் சுட்டிக்காட்டுவது அந்த உத்தியோகத்தின் போக்கை. நிதிக்குள் வருவதற்கு முன் வேறு துறை, நிதியை விட்ட பின் வேறு துறை. சிறு தொழில், எரிவாயு, வர்த்தகம். நடுவில் இரண்டு மூன்று ஆண்டுகள் 7 கோடிப் பேரின் முதுமை அவர் கையில். பணம் கட்டும் தொழிலாளியோ 30 ஆண்டு கட்டுகிறான். ஒரு தொழிலாளியின் ஒரு வாழ்நாளில் பத்துப் பன்னிரண்டு ஆணையர்கள் வந்து போவார்கள். அதே அலுவலகத்தில் உதவி ஆணையராகச் சேர்ந்து 30 ஆண்டு ஊறிய அதிகாரிகள் கூடுதல் ஆணையர் பதவி வரை ஏறுகிறார்கள். உச்சி நாற்காலியோ பெரும்பாலும் வெளியிலிருந்து வருகிறவருக்குத்தான். இன்று போட்ட உத்தரவின் பலனோ பாதகமோ பத்தாண்டு கழித்துத் தெரியும்போது, அதைப் போட்டவர் எங்கோ இருப்பார். அன்று யாரிடம் போய்க் கேட்பது?

இதனால் என்ன கெட்டுவிட்டது என்று கேட்பீர்கள். பெங்களூரைப் பாருங்கள். 2016 பிப்ரவரி 10ஆம் நாள் ஓர் அறிவிக்கை வந்தது. வேலையை விட்டாலும் முதலாளி போட்ட பங்கை 58 வயது வரை எடுக்க முடியாது என்றது அது. டில்லியில் எழுதியவர்களின் கணக்கு என்ன? சேமிப்பு முதுமைக்குத்தான், நடுவில் எடுத்துக் கரைத்துவிடக் கூடாது என்பது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பெங்களூர் ஆடைத் தொழிற்சாலைகளில் தையல் மிஷினில் குனிந்திருக்கும் பெண்ணுக்கு அந்தப் பணம்தான் வங்கி, அதுதான் இன்சூரன்சு, அதுதான் வேலை போன மாதத்தின் அரிசி. அவள் 58 வயது வரை அந்த மிஷினில் உட்கார முடியுமா என்று யாராவது அவளைக் கேட்டார்களா?

ஏப்ரல் 18, 19 தேதிகளில் ஆயிரக்கணக்கான பெண்கள் ஆலைகளை விட்டு வெளியே வந்தார்கள். ஓசூர் சாலை நின்றுபோயிற்று. பெரிய தலைவர்கள் யாரும் அழைக்கவில்லை. சங்கக் கொடி முன்னால் போகவில்லை. தடியடி நடந்தது, கண்ணீர்ப்புகை வீசப்பட்டது, பேருந்துகள் எரிந்தன. தீ வைப்பதை நாங்கள் ஆதரிக்கவில்லை. ஆனால் 19ஆம் தேதியே தொழிலாளர் அமைச்சர் பண்டாரு தத்தாத்ரேயா அந்த அறிவிக்கையை ரத்து செய்வதாக அறிவித்தார். மனுக்களும் கோரிக்கைகளும் இரண்டு மாதத்தில் தள்ளிப்போட மட்டுமே வைத்த உத்தரவை, தையல்காரப் பெண்கள் இரண்டே நாளில் கிழித்துப் போட்டார்கள்.

அந்தக் கதை அத்தோடு முடியவில்லை. 2025 அக்டோபரில் வாரியம் கூடி, கணக்கில் 25 விழுக்காட்டை எப்போதும் விட்டுவைக்க வேண்டும் என்றும், வேலை இழந்தவர் முழுத் தொகையையும் எடுக்க 2 மாதத்துக்குப் பதில் 12 மாதம் காத்திருக்க வேண்டும் என்றும், ஓய்வூதியப் பணத்தை எடுக்க 36 மாதம் காத்திருக்க வேண்டும் என்றும் முடிவு செய்தது. 75 விழுக்காட்டை எளிதாக எடுக்கலாம் என்ற சலுகையும் அதே முடிவில் இருக்கிறது. நல்லதும் இருக்கிறது, சங்கடமும் இருக்கிறது. நாங்கள் கேட்பது ஒன்றே: 2016இல் தெருவில் சொல்லப்பட்ட பாடத்தை நினைவில் வைத்திருப்பவர் அந்த அலுவலகத்தில் யார்? நாற்காலி மாறும்போது நினைவும் மாறிவிடுகிறதே!

அதிகாரி நீண்ட காலம் இருந்துவிட்டால் மட்டும் எல்லாம் சரியாகிவிடுமா? அதுவும் இல்லை. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநில அரசு ஊழியர்களுக்கு 1932இல் தோன்றிய ஓய்வூதிய நிதி ஒன்று உண்டு. கால்பெர்ஸ் என்பார்கள். அந்த நாட்டின் மிகப் பெரிய பொது ஓய்வூதிய நிதி அது. பிரெட் புவென்ரோஸ்ட்ரோ என்பவர் 2002 இறுதி முதல் 2008 வரை, ஐந்து ஆண்டுக்கும் மேலாக அதன் தலைமை நிர்வாகி. அந்த நிதியின் வாரியத்தில் முன்பு உறுப்பினராக இருந்த ஆல்பிரட் வில்லலோபோஸ் என்பவர் பிறகு தரகராக மாறினார். நிதியின் பணத்தைத் தனியார் முதலீட்டுக் கம்பெனிகளுக்குப் பெற்றுத் தருவது அவர் தொழில். தரகுப் பணம் கோடிக்கணக்கான டாலர். 2014இல் நீதிமன்றத்தில் புவென்ரோஸ்ட்ரோ குற்றத்தை ஒப்புக்கொண்டார். 2 இலட்சம் டாலர் ரொக்கம் வாங்கியதாகச் சொன்னார். அதைக் காகிதப் பையிலும் செருப்புப் பெட்டியிலும் போட்டுக் கொடுத்தார்களாம். பதவியை விட்டதும் அதே தரகரிடம் வேலைக்குப் போனார். 2016 மே மாதம் நாலரை ஆண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது. தரகர் விசாரணைக்கு முன்பே, 2015 ஜனவரியில் இறந்துபோனார்.

துப்புரவுத் தொழிலாளியும் பள்ளிக்கூட எழுத்தரும் கட்டிய பணம் அது. அங்கே ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். விவகாரம் வெளிவந்ததும், அந்த நிதியே வெளி வழக்கறிஞர்களை வைத்து விசாரித்து, 2011இல் அறிக்கையை ஊரறிய வெளியிட்டது. தரகர்கள் பெயரைப் பதிவு செய்ய வேண்டும் என்று 2010இல் சட்டமும் வந்தது. திருட்டு எங்கேயும் நடக்கும். கணக்கைத் திறந்து காட்டும் வழக்கம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

நம் நாட்டுக்கு வாருங்கள். 2019இல் உத்தரப் பிரதேச மின்வாரிய ஊழியர்களின் வைப்பு நிதியை நிர்வகித்த அறக்கட்டளை, 4,100 கோடி ரூபாய்க்கு மேல் ஒரு தனியார் வீட்டுக்கடன் கம்பெனியில் போட்டதும், அந்தக் கம்பெனி முழுகியபோது 2,200 கோடிக்கு மேல் சிக்கிக்கொண்டதும் அம்பலமாயிற்று. அதிகாரிகள் கைதானார்கள், ஊழியர்கள் வீதியில் நின்றார்கள். அது தனி அறக்கட்டளை. நாம் பணம் கட்டும் மத்திய நிதியின் பெரும்பகுதி அரசுக் கடன் பத்திரங்களில் இருக்கிறது. ஆனால் நம் பக்கத்திலேயே, மும்பை காந்திவலி அலுவலகத்தில் கொரோனாக் காலத்தில் நடந்த மோசடி 2021இல் வெளிவந்ததே! பிழைக்க வந்த கூலித் தொழிலாளர்களின் வங்கிக் கணக்குகளை வாடகைக்கு வாங்குவதுபோல் வாங்கி, 700க்கும் மேற்பட்ட போலிக் கோரிக்கைகளின் மூலம் 18 கோடி ரூபாய்க்கு மேல் எடுத்துவிட்டதாக அலுவலக ஊழியர்கள் மீதே மத்தியப் புலனாய்வுத் துறை வழக்குப் போட்டது.

கடலுக்கு அப்பால் இலங்கையைப் பாருங்கள். அங்கே 1958இல் ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் வந்தது. தேயிலைத் தோட்டத்து நம் உறவுகள் தலைமுறையாக அதில் பணம் போட்டவர்கள். அந்த நிதியின் முதலீட்டைக் கவனிப்பது மத்திய வங்கி. திவாலான அரசு 2023இல் உள்நாட்டுக் கடனை மறுசீரமைத்தபோது, அந்த நிதி தன்னிடமிருந்த அரசுப் பத்திரங்களைக் கொடுத்து, பின்னால் 9 விழுக்காடாகக் குறையும் வட்டியுள்ள புதுப் பத்திரங்களை ஏற்க வேண்டியதாயிற்று. ஏற்காவிட்டால் வருமானத்தின் மேல் 30 விழுக்காடு வரி என்றார்கள். கொழுந்து பறிக்கும் பெண்ணிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வட்டி என்றால் நமக்கு லேசான விஷயம் அல்ல. 1952இல் 3 விழுக்காட்டில் தொடங்கி, 1989-90 முதல் 1999-2000 வரை 12 விழுக்காடு கொடுத்தார்கள். 2021-22இல் அது 8.1 ஆயிற்று, நாற்பது ஆண்டுகளில் அவ்வளவு குறைந்ததில்லை. 2023-24இல் 8.25. கணக்கில் 3 இலட்சம் வைத்திருக்கும் ஒருவருக்கு 1 விழுக்காடு குறைந்தால் ஆண்டுக்கு 3,000 ரூபாய் போயிற்று. தீபாவளிக்கு ஊருக்குப் போய்வரும் செலவு அது.

இனி நம் வீட்டுக் கதைக்கு வருவோம். நமக்கு இரண்டு தனிக் கஷ்டங்கள் உண்டு.

ஒன்று பெயர். தமிழனுக்கு முன்னெழுத்து உண்டு, குடும்பப் பெயர் கிடையாது. இங்கே மராட்டியருக்கோ தன் பெயர், தகப்பன் பெயர், ஆட்னாவ் என்று மூன்று வேண்டும். ஆகவே முருகன் மகன் செல்வம், கம்பெனிப் பதிவேட்டில் எம். செல்வம் ஆகிறார், ஆதாரில் செல்வம் முருகன் ஆகிறார், வங்கியில் முருகன் செல்வம் ஆகிறார். மூன்றும் ஒரே ஆள் என்று நமக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது. கல்யாணத்துக்குப் பின் பெயர் மாறிய பெண்களின் பாடு இன்னும் கஷ்டம். பணம் எடுக்க மனுப் போட்டால், பெயர் பொருந்தவில்லை என்று திரும்பி வருகிறது. திருத்தக் கையெழுத்துப் போட வேண்டிய காண்ட்ராக்டரோ போன வருஷமே இடத்தைக் காலி செய்துவிட்டார்.

இரண்டாவது காண்ட்ராக்டர். வேலை செய்யும் கட்டடம் அதேதான், கழுவும் தரை அதேதான். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை காண்ட்ராக்டர் மட்டும் மாறுவார். ஒவ்வொரு முறையும் பழைய பி.எப்.பை எடுத்துவிடு என்பார்கள். எடுத்துவிட்டால் என்ன ஆகிறது? ஓய்வூதியம் பெற 10 ஆண்டுச் சேவை வேண்டும். ஓய்வூதியப் பணத்தையும் சேர்த்து எடுத்தவருக்குச் சேவை பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது. கணக்கை மாற்றிக்கொண்டே போனவருக்குச் சேவை கூடிக்கொண்டே போகிறது. 15,000 ரூபாய்ச் சம்பளத்தில் 10 ஆண்டு உழைத்தவருக்கு மாதம் ஏறத்தாழ 2,140 ரூபாய் வரும்; 30 ஆண்டானால் 6,400 ரூபாய்க்கு மேல். பெருந்தொகை அல்ல. ஆனால் மகன் மருமகள் முகத்தைப் பார்க்காமல் மருந்து வாங்கலாம். இருபது ஆண்டு உழைத்தும், ஐந்து முறை எடுத்துவிட்டதால் ஒரு காசு ஓய்வூதியம் இல்லாமல் ஊருக்குத் திரும்பிய அண்ணன்மார் நம் சங்கத்திலேயே உண்டு.

2023-24 கணக்குப்படி உரிமை கோராமல் செயலற்றுக் கிடக்கும் கணக்குகளில் 8,500 கோடி ரூபாய்க்கு மேல் இருப்பதாக நாடாளுமன்றத்தில் சொன்னார்கள். அது யார் பணம்? பெயர் பொருந்தாதவன் பணம், காண்ட்ராக்டர் மாறியவன் பணம், இறந்துபோனவனின் வாரிசுக்குச் சேதி போகாத பணம்.

ஆகவே நாம் செய்ய வேண்டியதைச் சொல்லி முடிக்கிறோம்.

ஒவ்வொருவருக்கும் ஒரே எண்தான் இருக்க வேண்டும். புது காண்ட்ராக்டரிடம் பழைய எண்ணையே கொடுங்கள். பெயர், பிறந்த தேதி, தகப்பன் பெயர் மூன்றும் ஆதாரோடு பொருந்துகிறதா என்று வேலையில் இருக்கும்போதே பாருங்கள். வாரிசு நியமனம் செய்யுங்கள். ஆண்டுக்கு இரண்டு முறையாவது பாஸ்புக்கைப் பாருங்கள். சம்பளத்தில் பிடித்த பணத்தைக் கட்டாமல் வைத்துக்கொள்வது குற்றவியல் சட்டப்படி நம்பிக்கை மோசடி என்பதை அறிந்துகொள்ளுங்கள். காண்ட்ராக்டர் கட்டாவிட்டால் வேலை வாங்கும் பிரதான முதலாளி பொறுப்பு. 2023 ஜனவரியிலிருந்து ஒவ்வொரு மாதமும் 27ஆம் தேதி வாக்கில் மாவட்டந்தோறும் வைப்பு நிதி அலுவலகம் குறைகேட்கும் முகாம் நடத்தும் ஏற்பாடு உண்டு. அங்கே தனியாகப் போனால் அலைக்கழிப்பார்கள். பத்துப் பேராகச் சங்கத்தோடு போவோம். மராட்டி எழுதத் தெரிந்த நம் பிள்ளைகள் கூட வரட்டும்.

வீட்டு வேலை செய்யும் தாய்மார்களுக்கு இந்த நிதியே கிடையாது. 2019இல் வந்த ஷ்ரம் யோகி மான்தன் திட்டம், 18 முதல் 40 வயது வரை சேர்ந்தால் 60 வயதுக்குப் பின் மாதம் 3,000 ரூபாய் என்கிறது. அது போதாது. வேலை வாங்கும் வீட்டுக்காரரும் பங்கு போடும் நிதி ஒன்று வேண்டும் என்பது நம் கோரிக்கை.

டில்லிக்கும் நம் கோரிக்கைகள் உண்டு. ஆணையர் பதவிக்கு ஐந்தாண்டு குறையாத காலம் நிர்ணயிக்க வேண்டும். அந்தத் துறையிலேயே வளர்ந்தவர்களுக்கும் அந்த நாற்காலி திறக்க வேண்டும். விலகும் ஆணையர், தம் காலத்தில் எத்தனை மனுக்கள் நிராகரிக்கப்பட்டன, ஏன் நிராகரிக்கப்பட்டன என்று நாட்டுக்குக் கணக்கு ஒப்படைத்துவிட்டுத்தான் போக வேண்டும். தொழிலாளர் தரப்பின் 10 இடங்களில் காண்ட்ராக்ட் தொழிலாளியும், பிற மாநிலத்தில் பிழைக்கும் தொழிலாளியும், ஒரு தையல்காரப் பெண்ணும் உட்கார வேண்டும். இந்த 10 பேரை அரசு நியமிப்பதற்குப் பதிலாக நாம் தேர்ந்தெடுக்க வேண்டும்.

1952இல் ஓர் அணாவாகத் தொடங்கிய நிதி இது. அந்த ஓர் அணா தொழிலாளியின் அணா. ஆணையர்கள் வருவார்கள், போவார்கள், நாம்தான் இருக்கப்போகிறவர்கள். கூட்டம் முடிந்ததும் வாசலில் உள்ள மேசையில் உங்கள் கணக்கு எண்ணையும், ஆதாரில் உள்ள பெயரையும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். இந்த மாத முகாமுக்கு முதல் பத்துப் பேரை அழைத்துக்கொண்டு போகிறோம்.